அறுபதாம் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால்

சென்னையில் அறுபதாம் கல்யாணம் என்றால் மண்டபம், சமையல், புரோகிதர், வீடியோ, தாம்பூலப் பை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் கிடைத்துவிடும். மாலை போட்டுக்கொண்டு மணையில் உட்காரப் போகிறவர் முப்பத்தைந்து வருடம் என்ன வேலை பார்த்தார், அதை எப்படிச் செய்தார் என்பதை எழுதி வைக்க மட்டும் வீட்டுக்காரர்கள்தான் முனைய வேண்டும். "அப்பா பஸ் டிப்போவில் இருந்தார்", "தாத்தா பிரஸ்ஸில் இருந்தார்" என்ற ஒரு வரியோடு அடுத்த தலைமுறை நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியை அறுபது எழுபது பக்கமாக விரிக்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சும், எழுதி எடுக்க நாலைந்து மணி நேரமும் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் முடியும். விழாவுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பெரும்பாலும் நடப்பதில்லை. விழா நாள் என்று ஒரு கெடு இருப்பதால்தான் வேலை ஓடுகிறது.

முதலில் தேதியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைமுறையில் பலருக்கு இரண்டு மூன்று பிறந்தநாள் உண்டு. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று வாத்தியார் எழுதிவிட்ட தேதி ஒன்று, அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும். உண்மையில் பிறந்த ஆங்கிலத் தேதி இன்னொன்று. ஜாதகத்தில் இருக்கும் தமிழ் மாதமும் நட்சத்திரமும் மூன்றாவது. அறுபதாம் கல்யாணம் மூன்றாவதை வைத்துத்தான் நடக்கும். பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள். பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வரும்போது அதே மாதம், அதே நட்சத்திரம். 60 ஆண்டில் குரு ஏறத்தாழ 5 சுற்றும் சனி 2 சுற்றும் முடித்துப் பிறந்தபோது இருந்த இடத்துக்கு அருகே திரும்புகின்றன என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. 2026 சித்திரையில் பிறப்பது பராபவ ஆண்டு. ஆகவே 1966 சித்திரைக்கும் 1967 பங்குனிக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இது அறுபது நிறையும் ஆண்டு. நட்சத்திரச் சுற்று 27 நாள் சொச்சம், தமிழ் மாதம் 29 முதல் 32 நாள். அதனால் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். பல வீடுகளில் பிந்தியதை எடுப்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் புரோகிதரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணி ஓய்வு இதைப் பார்க்காது, சான்றிதழ்த் தேதியைத்தான் பார்க்கும். தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. பொது விதிப்படி 60 நிறையும் மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதத்தின் கடைசி நாளே ஓய்வு. இதனால் ஓய்வு நாளும் அறுபதாம் கல்யாணமும் மாதக்கணக்கில் விலகிப் போவதுண்டு. அந்த இடைவெளி வீட்டுக்கு லாபம். அலுவலகக் கதவு இன்னும் திறந்திருக்கும் காலத்தில் தாள்களைச் சேகரிக்கலாம், மூடிய பிறகு சாவகாசமாகப் பேச்சைப் பதிவு செய்யலாம்.

தாள்களில் முதலிடம் பணிப் பதிவேட்டுக்கு. எஸ்.ஆர். என்றால்தான் அலுவலகத்தில் புரியும். சேர்ந்த நாள், ஒவ்வொரு ஊதிய உயர்வு, இடமாற்றம், எடுத்த விடுப்பு எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். ஒரு மனிதரின் வேலை வாழ்க்கைக்கு அதைவிடத் துல்லியமான சரித்திரம் வேறு இல்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நகல் வாங்கிவிடுங்கள். ஓய்வூதியக் கணக்குக்கும் அது உதவும்: விடுபட்ட பதிவோ, சரிபார்ப்புக் கையெழுத்து இல்லாத வருடமோ இருந்தால் பணியில் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம். தனியார் கம்பெனியில் இருந்தவர்களுக்கு எஸ்.ஆர். கிடையாது. அவர்களுக்கு பி.எஃப். கணக்குதான் முதுகெலும்பு. பழைய வருடாந்திர பி.எஃப். சீட்டுகள், நியமன ஆணை, சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, யூனியன் சந்தா ரசீது, கேன்டீன் டோக்கன், ரயில் சீசன் டிக்கெட், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை, டைப்ரைட்டிங் சான்றிதழ் என்று எது கிடைத்தாலும் எடுங்கள். டைப்ரைட்டிங் லோயரா ஹையரா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, மற்றதற்கு 45. அந்த 15 வார்த்தை வித்தியாசத்துக்காகத் தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் எத்தனை மாதம் காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தார்கள் என்பதே நல்ல கேள்வி.

இந்தத் தாள்கள் தொலைவதற்கு மிகப் பெரிய காரணம் போகி. மார்கழிக் கடைசியில் பரணை ஒழிக்கும்போது "பழைய பேப்பர்" என்று போய்விடுகிறது. அடுத்த காரணம் வீடு மாற்றம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்து போனது. அப்போது ஒட்டிக்கொண்ட தாள்கள் இன்னும் பல வீடுகளில் கட்டாகவே இருக்கின்றன. காய்ந்து ஒட்டியவற்றைக் கையால் பிரிக்காதீர்கள், எழுத்து எதிர்ப் பக்கத்தோடு வந்துவிடும். ஓரத்தில் பிரிகிற வரை பிரித்துப் படம் எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விடுங்கள். புதிதாக நனைந்த தாள் என்றால் இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நெளிந்து, மை வெளுத்துப் போகும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது, உள்ளே ஈரம் இருந்தால் தாள் மஞ்சளாகிவிடும். குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கடல் காற்று படும் ஊரில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும். பஸ் டிக்கெட் மெஷின், ஏ.டி.எம்., ஃபேக்ஸ் ஆகியவற்றிலிருந்து வந்த வழவழப்பான சீட்டுகள் வெப்பத்தில் அச்சாகும் வகை, தானாகவே வெளுக்கும். அவற்றை முதலில் நகலெடுங்கள்.

அடுத்து ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு பக்கம். 1966-இல் பிறந்தவருக்கு 61 பக்கம், 80 பக்க நோட்டு போதும். பக்கத்தின் மேலே வருடம், அப்போது குடியிருந்த வீடு, வேலை பார்த்த இடம். தெரியாததை வெற்றாக விடுங்கள். வெற்றிடங்களை நிரப்ப ஊர் நடப்பு உதவும். "எந்த வருஷம் அம்பத்தூருக்கு மாத்தினாங்க?" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ நீங்க படிச்சிட்டிருந்தீங்களா, வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டால் உடனே வரும், அது 1985. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ராஜீவ் காந்தி கொலை 1991 மே. பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது 1995, மயிலாப்பூர் வரை 1997. கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போனதும், மெட்ராஸ் சென்னை ஆனதும், பின்னி மில் மூடியதும் 1996. டைடல் பார்க் 2000, கோயம்பேடு பஸ் நிலையம் 2002, சுனாமி 2004, முதல் மெட்ரோ 2015, வர்தா புயல் 2016. சிறுவயதுக்கு 1973-இன் ஜெமினி மேம்பாலமும், 1975-இல் தொடங்கிய சென்னை தூர்தர்ஷனும். ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி ஒரு முளை அடித்துவிட்டால் வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் அதில் கட்டிவிடலாம். நினைவும் எஸ்.ஆரும் முரண்பட்டால் எஸ்.ஆர். தேதியை எழுதி, அவர் சொன்னதைப் பக்கத்திலேயே குறியுங்கள். தவறாக நினைவிருப்பதற்கும் காரணம் இருக்கும்: டெபுடேஷன் (வேறு அலுவலகத்துக்குத் தற்காலிகமாக அனுப்புவது), இரண்டு இடத்தில் வேலை, ஆணை வந்தும் ஆறு மாதம் விடுவிக்காமல் வைத்திருந்தது.

இனி பேச்சைப் பதிவு செய்வது. கைபேசியே போதும், ஆனால் சென்னை வீட்டில் சத்தம்தான் பெரிய எதிரி, அதிலும் சீலிங் ஃபேன். தலைக்கு மேலே சுற்றும் ஃபேனின் ஓசை காதுக்குப் பழகிவிடுவதால் பேசும்போது தெரியாது. கேட்டுப் பார்த்தால் பேச்சு முழுக்க உறுமலுக்கு நடுவே இருக்கும், பிறகு எந்தச் செயலியாலும் முழுதாக நீக்க முடியாது. ஏ.சி. உள்ள அறை என்றால் அரை மணி முன்பே குளிர வைத்துவிட்டு, பதிவின்போது குறைந்த வேகத்தில் விடுங்கள். இல்லாவிட்டால் டேபிள் ஃபேனை அறையின் மறுகோடியில், கைபேசிமேல் காற்று படாமல் வையுங்கள். கிரானைட் தரை போட்ட ஹாலில் எதிரொலி வரும். மெத்தையும் துணி பீரோவும் உள்ள படுக்கையறை நல்லது. கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, நாலாக மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரி பதியும். கோப்பு வகை கேட்டால் வேவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரம் சுமார் 345 எம்.பி. ஆகும். அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பாதியில் நினைவகம் நிறைந்து நின்றுபோவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

நேரம் மதியம் மூன்று மணி. காலையில் குக்கர், காய்கறி வண்டி, ஸ்பீக்கர் கட்டிய பழைய இரும்பு வண்டி. மாலையில் விருந்தாளி. அம்மன் கோயில் பக்கத்துத் தெருவில் வீடு என்றால் ஆடி மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஒரு உட்காரலுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், அதற்கு மேல் குரல் தளர்ந்துவிடும். மொத்தம் எட்டுப் பத்து முறை. தொடக்கத்தில் தேதி, இடம், இருப்பவர்கள் பெயர் மூன்றையும் வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். கோப்புப் பெயரையும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள், அப்போதுதான் கணினியில் வரிசை குலையாது.

கேள்விதான் இந்த வேலையின் உயிர். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்று தொடங்கினால் நேர்மை, கடின உழைப்பு, அந்தக் காலத்து மரியாதை என்று பத்து நிமிடம் பொதுவாகப் பேசி நின்றுவிடுவார். அது அவர் குற்றமில்லை, கேள்வி அப்படி. நாளைக் கேளுங்கள், கையைக் கேளுங்கள். "மொத நாள் எந்த பஸ்ல போனீங்க? எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீங்க? டிபன் கேரியர்ல என்ன இருக்கும்? உள்ள போனதும் யாரு மேஜையில உக்கார வெச்சாங்க? மொதல்ல கையில என்ன கொடுத்தாங்க?" இப்படிக் கேட்டால் 29சி-யில் பெரம்பூரிலிருந்து தொங்கிக்கொண்டு போனது வரும், அடையாள அட்டையை மறந்ததால் வாசலில் நின்றது வரும், முதல் சம்பளக் கவரில் இருந்த நோட்டுகளின் எண்ணிக்கை வரும். பிறகு ஒரு சாதாரண நாளைக் காலை முதல் மாலை வரை சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு மோசமான நாளை. அதற்கடுத்து, புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லித்தருவது போல அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்றாவதுதான் புத்தகத்தின் பெரும் பகுதியாக நிற்கும்.

தொழிலுக்குத் தொழில் கேள்வி மாறும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டும் டர்னராக இருந்தவரிடம் டூல் பிட்டை (இரும்பை வெட்டும் முனையை) எந்தக் கோணத்தில் தீட்டுவார், நீலம் பாரித்தால் என்ன அர்த்தம், வெர்னியரில் 0.02 மி.மீ. வரை படிக்கக் கண் எப்படிப் பழகியது, எந்த ஜாபில் ஸ்கிராப் அதிகம் விழும், ஏன் என்று கேளுங்கள். சென்னை பஸ்கள் பல்லவன் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்தில் சேர்ந்த கண்டக்டரிடம் பையில் எத்தனை விலை டிக்கெட் கட்டுகள், ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) மாறும்போது எந்த எண்ணைக் குறிப்பார், 21ஜி மாதிரி நீண்ட ரூட்டில் கூட்டத்துக்குள் சில்லறையை விரலிடுக்கில் எப்படிப் பிரித்து வைப்பார், இரவு டிப்போவில் கணக்கு இடித்தால் என்ன செய்வார். வங்கியில் இருந்தவரிடம் பித்தளை டோக்கன், கையால் எழுதிய லெட்ஜர், அரையாண்டு பேலன்ஸிங்கில் ஒரு ரூபாய் இடித்ததற்காக ராத்திரி வரை உட்கார்ந்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கிளார்க்குகளுக்குத் தெரியும்: 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9, 720-ஐ 270 என்று எழுதினால் 450, இரண்டும் 9-ஆல் வகுபடும். இப்படிப்பட்ட கைவித்தைகள்தான் அந்த வேலையோடு மறைகின்றன. வேறெங்கும் எழுதியிருக்காது.

எண்பது நிறைந்து சதாபிஷேகம் செய்துகொள்ளப் போகிறவர் பழைய அச்சகத்தில் கம்பாசிட்டராக (ஈய எழுத்துகளைக் கையால் கோர்ப்பவராக) இருந்தவர் என்றால் ஒரு முழு உட்காரலை 1978-க்கே கொடுங்கள். அந்த வருடம் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, இவற்றோடு ணொ, ணோ முதலான ஒகர ஓகார எழுத்துகள் ஆறும் சேர்த்து 13 எழுத்துகளின் பழைய வடிவம் போய், இன்று நாம் எழுதும் வடிவம் வந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய "லை" தனி அச்சாக இருந்தது. புதிய முறையில் "ை" என்ற ஒரே அச்சும் "ல" என்ற ஒரே அச்சும் போதும். எழுத்துப் பெட்டியில் எந்த அறை காலியானது, கை எத்தனை நாள் பழைய அறைக்கே போனது, தன் அச்சகம் எப்போது மாறியது, ஸ்டிக்கில் கோர்த்த வரியைத் தலைகீழாகப் படிக்கக் கண் எப்படிப் பழகியது என்று கேளுங்கள். காகிதமும் பென்சிலும் கொடுத்துப் பெட்டியின் அறைகளை வரையச் சொல்லுங்கள். வாய் மறந்ததைக் கை வரைந்துவிடும். எந்தத் தொழிலாக இருந்தாலும் வேலை பார்த்த இடத்தின் வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும்: வாசல், மெஷின், சூப்பர்வைசர் இருக்கை, தண்ணீர்ப் பானை, டீ வருகிற வழி.

அருகில் இருக்கும் அம்மா "அது எண்பத்தெட்டு இல்ல, தொண்ணூறு, பெரியவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு" என்று இடைமறிப்பார். முதல் சுற்றில் இருவரையும் தனித்தனியாக உட்கார வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் பேச்சு மற்றவரால் அறுபடும். இரண்டாவது சுற்றில் சேர்த்து உட்கார வைத்தால் திருத்தங்கள் எல்லாம் வந்து சேரும், வருடங்கள் நேராகும்.

அம்மாவுக்கு என்று நாலு உட்காரல் கட்டாயம் ஒதுக்குங்கள். அறுபதாம் கல்யாணம் இருவருக்கும் சேர்த்துத்தான், ஆனால் புத்தகம் போட்டால் அவருக்கு ஒரு பக்கம்தான் விழுகிறது: "இவர் வெற்றிக்குப் பின்னால் இருந்தவர்". இதை நான் ஏற்கவில்லை. சம்பளம் வாங்காத வேலைக்கு எஸ்.ஆர். இல்லை, ஆனால் ஆவணம் உண்டு. ரேஷன் கார்டின் பழைய பக்கங்களில் மாதம் எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் என்று இருக்கும். கேஸ் புத்தகத்தில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தெரியும். ஆவின் பால் அட்டை, சீட்டுக் கட்டிய நோட்டு, நகைக்கடன் ரசீது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, மளிகைக் கணக்கு எழுதிய காலண்டர் தாள்கள். இவற்றை வருட நோட்டில் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டாமல், செருகி வையுங்கள். அதிலிருந்து கேள்வி பிறக்கும். அடகு வைத்த வளையல் எந்த மாதம் மீண்டது? எந்தப் பிள்ளையின் ஃபீஸுக்கு?

தண்ணீரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். 2003-04 வறட்சியைச் சென்னையில் குடும்பம் நடத்தியவர்கள் யாரும் மறக்கவில்லை. லாரி எத்தனை மணிக்கு வரும், குடத்தை வரிசையில் யார் போட்டார்கள், எத்தனை குடம், எத்தனை மாடி. பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். நாளுக்கு 10 குடம் என்றால் 150 கிலோவை இரண்டு மாடி ஏற்றியிருக்கிறார், இடுப்பில். இந்தக் கணக்கைப் போட்டு எழுதுங்கள். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்ற அளவும், ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்கு மாறிய வருடமும், அதனால் காலையில் மிச்சமான நேரத்தில் என்ன செய்தார் என்பதும் அவருடைய பணி வரலாறுதான். தையல், டியூஷன், சிறுசேமிப்பு ஏஜென்சி, அப்பளம் என்று அவர் சம்பாதித்தது இருந்தால் அதற்கும் அப்பாவின் வேலைக்குக் கேட்ட அதே கேள்விகள்: விலை, அளவு, யார் கற்றுத் தந்தது, எங்கே நஷ்டம்.

பேசியதை எழுத்தாக்க ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். கைபேசியிலேயே பேச்சை எழுத்தாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் தொழில் சொற்களிலும் ஊர்ப் பெயர்களிலும் அதிகம் தவறும், வரிக்கு வரி கேட்டுத் திருத்த வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓரத்தில் நேரத்தைக் குறியுங்கள், பிறகு தேட உதவும். பேச்சு மொழியைச் செந்தமிழ் ஆக்காதீர்கள். "மெஷின் ஜாம் ஆயிடுச்சு, மேஸ்திரி ஒரு அதட்டு அதட்டினாரு" என்பதை "இயந்திரம் பழுதுற்றது, மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார்" என்று மாற்றினால் ஆளே மறைந்துவிடுகிறார். திரும்பத் திரும்ப வருவதை வெட்டலாம், வரிசையை மாற்றலாம், சொல்லை மாற்றக் கூடாது. புரியாத தொழில் சொல்லுக்கு அடியில் ஒரு வரி விளக்கம் போதும். உடன் வேலை பார்த்தவர்மேல் வருத்தமோ குற்றச்சாட்டோ வந்தால் பதிவில் இருக்கட்டும். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் கழித்து அவரிடமே படித்துக்காட்டி, வைக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் பெயரை எடுத்துவிடச் சொல்வார். பேச விரும்பாத வருடம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. அந்தப் பக்கத்தை வெற்றாகவே விட்டுவிடுங்கள், துருவ வேண்டாம்.

படங்கள். 4-க்கு 6 அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் வரும், ஒரு பக்கம் முழுக்க அச்சிடத் தாராளமாகப் போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். ஒட்டும் பக்கங்களுள்ள ஆல்பத்திலிருந்து படம் வரவில்லை என்றால் பல்லிடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்தபடி நகர்த்தலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட குரூப் போட்டோவை ஒருபோதும் பிய்க்காதீர்கள், ஈரத்தில் இளகிய மேற்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கறுப்புத் துணியைக் கேமராவுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நேர்கோணத்தில் படம் எடுங்கள். அலுவலகப் பிரிவுபசாரப் படம் இருந்தால் அதில் நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக இப்போதே கேட்டு எழுதுங்கள். பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள்.

அச்சுக்கு ஏ5 அளவு கைக்கு அடக்கம். 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 வார்த்தை. 12,000 வார்த்தை என்றால் 60 பக்கம், படங்களோடு 80. உள்ளே 80 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) இயற்கை நிற மேப்லித்தோ தாள், அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். நடுவில் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். 64 பக்கத்துக்கு மேல் போனால் முதுகில் பசை போட்டு ஒட்டும் பைண்டிங் நல்லது. 50, 100 பிரதிக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் விசாரித்தால் போதும்.

டி.டி.பி. செய்பவரிடம் (கணினியில் பக்கம் அமைப்பவரிடம்) முதலில் கேட்க வேண்டியது, எழுத்துரு யூனிகோடா, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையா என்பதை. பல கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது "கொ", "கோ" போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் பிரிந்து வேறு எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், கிரந்த எழுத்துகள் காணாமல் போகும், கோடும் மேற்கோள் குறியும் வேறெதாவதாகிவிடும். மாற்றிய பிறகு முழுப் புத்தகத்தையும் மறுபடி வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். கணினித் திரையில் பார்க்காமல், தாளில் அச்செடுத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். விழாவுக்கு மூன்று நாள் முன்பு பி.டி.எஃப். கொடுத்தால் "அறுபது" என்பது "அறுபதுு" என்று அட்டையிலேயே வரும்.

தேங்காயும் வெற்றிலையும் வைத்த தாம்பூலப் பைக்குள் புத்தகத்தைப் போடாதீர்கள். நனைந்து, மஞ்சள் ஏறிவிடும். வாசலில் தனி உறையில் கொடுங்கள். பதிவுகளையும் ஸ்கேன்களையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை ஹார்ட் டிஸ்க்கிலும், ஒன்றை இணையச் சேமிப்பிலும், ஒன்றை வேறு வீட்டில் இருக்கும் பிள்ளையிடமும் வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பி வைக்க வேண்டாம்.

புத்தகத்தின் கடைசியில் நாலு வெற்றுப் பக்கம் விடச் சொல்லுங்கள். விழாவன்று ஒரு பிரதியை வரவேற்பு மேசையில், சந்தனக் கிண்ணத்துக்கு அப்பால், நூலில் கட்டிய பென்சிலோடு தனியாக வையுங்கள். பழைய டிப்போக்காரர்கள், அச்சகத்துக்காரர்கள், பக்கத்து வீட்டில் இருபது வருடம் குடியிருந்தவர்கள் எல்லாம் அன்று ஒரே கூரைக்கு அடியில் வருவார்கள். அவர்கள் புரட்டிப் பார்த்து "இந்த போட்டோவுல மூணாவது ஆள் இவர் இல்ல", "ஸ்ட்ரைக் நடந்தது அடுத்த வருஷம்" என்று எழுதுவார்கள். சாப்பாடு முடிந்து மண்டபத்தைக் காலி செய்யும்போது சீர்வரிசைத் தட்டுகளோடு அந்தப் பிரதியையும் மறக்காமல் எடுத்துவர ஒருவரை நியமியுங்கள். அடுத்த அச்சுக்கான திருத்தப்படி அதுதான்.